மேக்காட்டு விண்டோஸும் கீக்காட்டு விண்டோஸும்

என் தங்கை நர்மதா திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். கடை கிடையாது. ஸ்கூட்டரில் ஒரு பையை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போய் வருவாள். 2024 ஆவணி மாதம் அவள் கையில் பதினெட்டு ஆபீஸ்கள் இருந்தன. அவற்றில் பதினாறு ரிக் ஆபீஸ், ஒன்று லேத் பட்டறை, ஒன்று கோழித்தீவனக் கம்பெனி. ரிக் என்பது போர்வெல் போடும் லாரி. எங்கள் ஊரில் ரிக் இல்லாத தெரு குறைவு.

நான் ஏழாவது வரை படித்தவள். விசைத்தறிப் பட்டறையில் துணி மடிக்கும் இடத்தில் இருக்கிறேன். மடிப்பதற்கு முன்னால் எங்கே நூல் அறுந்திருக்கிறது, எங்கே கறை இருக்கிறது என்று பார்த்துக் குறி போடுவது என் வேலை. நர்மதா மட்டுமல்ல, இது நடந்த ரிக் ஆபீஸில் வேலை பார்க்கும் தீபிகாவும் எனக்குத் தனியாகச் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதிலும் ஒத்துப்போனதை எழுதுகிறேன்; ஒத்துப்போகாத இடத்தில் யார் சொன்னது என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட இடங்களை நர்மதாவிடம் படித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் திருத்தினாள்.

எங்கள் அப்பா கந்தன், மணியன் என்பவருடைய ரிக்குக்குத் துணையாகப் போகும் சப்போர்ட் லாரியைப் பத்தொன்பது வருடம் ஓட்டினார். சங்ககிரி ரோட்டில் இருக்கும் அந்த ஆபீஸுக்கு அவர் எத்தனை முறை போயிருப்பார் என்று சொல்ல முடியாது. ஒருமுறையும் உட்கார்ந்ததில்லை. நாற்காலிகள் இருந்தன. நர்மதா பாலிடெக்னிக் முடித்துவிட்டு அங்கே முதல் தடவை போனபோதே சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு டைப் அடிக்க முடியாது என்பதால் அது பேச்சில்லாமல் நடந்துவிட்டது.

அன்றைக்கு அவள் செய்த வேலையைப் பார்த்துவிட்டு மணியன் ஒரு வார்த்தை சொன்னார்: "கந்தன் புள்ள கை வெச்சா தப்பு வராது." மற்ற பதினேழு ஆபீஸ்களும் இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவளைக் கூப்பிட்டன. விளம்பரம் எதுவும் செய்யவில்லை. அந்த வார்த்தை இருக்கும்வரை வேலையும் இருக்கும், நாற்காலியும் இருக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வார்த்தைக்குத் தகுந்தமாதிரிதான் அவளும் நடந்துகொண்டாள். லேப்டாப்பைக் கழற்றினால் திருகாணிகளைப் போட்டுவைக்க ஏழு குழி உள்ள பணியாரச் சட்டி ஒன்றைப் பையில் வைத்திருக்கிறாள். மேல்மூடித் திருகாணி முதல் குழி, விசிறித் திருகாணி இரண்டாவது குழி, இப்படியே போகும். ஏழாவது குழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதில் ஏதாவது விழுந்தால் எங்கோ கணக்குத் தப்பிவிட்டது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்ப்பாள். கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டாள். ஒரே ஒரு நாள் பார்க்காமல் எழுந்துவிட்டாள்.

அது 2022 ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால். மணியன் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆரம்பமாகவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் ஒரு பட்டியலைப் பார்க்குமாம். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்பது அதில்தான் எழுதியிருக்குமாம். அந்தப் பட்டியல் அழிந்துபோயிருந்தது. நர்மதா பென்டிரைவைப் போட்டு, கட்டளை கொடுத்து, பட்டியலில் விண்டோஸின் இடத்தைத் திரும்ப எழுதினாள். எழுதப்பட்டதா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அதனால் இன்னொரு முறை எழுதினாள். அந்த நிமிடம் கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்சம் கத்திவிட்டு நின்றது. கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். என் மகளுடைய சீருக்குத் துணி எடுக்க இரண்டு பேரும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போவதாக இருந்தோம். நான்கு முறை போன் செய்தேன். அதையும் எழுத வேண்டியது முறை. கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்துச் சொல்லும்படி தீபிகாவிடம் சொல்லிவிட்டு நர்மதா கிளம்பி வந்தாள். பஸ் சங்ககிரி தாண்டும்போது தீபிகா கூப்பிட்டு, கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்றாள். சரி என்று நர்மதா போனை வைத்துவிட்டாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

அது இப்படி வந்திருக்கிறது. நீலத் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரி. மேலே விண்டோஸ் டென். கீழேயும் விண்டோஸ் டென். எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முப்பதிலிருந்து ஒவ்வொரு நொடியாக எண்ணிக்கொண்டே வந்தது. நர்மதா எழுதியது இரண்டு முறையும் பதிவாகியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் தீபிகா வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். அந்த ஆபீஸுக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் மணியன், வயது அறுபத்தொன்று. இன்னொருவர் அவருடைய சித்தப்பா மகன் கதிர்வேல், நாற்பத்தாறு. இரண்டு ரிக்கும் இரண்டு பேருக்கும் பொது. இரண்டு முதலாளி இருக்கும் இடத்தில் இரண்டு வரி வந்தால் ஆளுக்கொன்று என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நர்மதா அக்கா பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று இருவரிடமும் சொல்லிவிட்டாள்.

யாருக்கு எது என்பதில் குழப்பமே வரவில்லை. அவர்களுடைய அப்பாக்கள் காலத்தில் பூமியைப் பாகம் பிரித்தபோது மணியன் வீட்டுக்கு மேல்காடும் கதிர்வேல் வீட்டுக்குக் கீழ்க்காடும் வந்திருந்தன. அதனால் மேல்வரி பெரியவருக்கு, கீழ்வரி சின்னவருக்கு. அன்றிலிருந்து அந்த ஆபீஸில் மேல்வரியை மேக்காடு என்றும் கீழ்வரியைக் கீக்காடு என்றும்தான் சொல்லியிருக்கிறார்கள். மணியன் காலையில் வந்து தொடுதிரையில் மேக்காட்டைத் தொட்டு உள்ளே போவார். கதிர்வேல் சாயங்காலம் வந்து, அணைத்துப் போட்டு, கீக்காட்டு வழியாகப் போவார். கேட்காமலேயே பிரித்துக் கொடுத்துவிட்டாள் என்று மணியன் நான்கு பேரிடம் நர்மதாவைப் புகழ்ந்துமிருக்கிறார். அந்தப் புகழ்ச்சி எங்கள் வீட்டுக்கும் வந்தது. எதற்கு என்று புரியாமல் சந்தோஷப்பட்டோம்.

இரண்டு வழியாகப் போனாலும் உள்ளே ஒரே இடம்தான் என்பது இரண்டு வருடம் எப்படித் தெரியாமல் போனது என்று நான் தீபிகாவிடம் கேட்டேன். திரை முழுக்க இருநூறு பைல் கிடக்கும், எதையும் யாரும் உற்றுப் பார்த்ததில்லை என்றாள். எந்த ஊரில் எத்தனை அடி ஓட்டினார்கள், எத்தனையாவது அடியில் தண்ணீர் வந்தது என்ற பட்டியல் இரண்டு பக்கமும் தெரிந்ததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. பாகம் பிரித்தாலும் கிணறு பொதுவில்தானே இருக்கும். அந்த இரண்டு வருடத்தில் நர்மதா அங்கே நான்கு முறை போயிருக்கிறாள். மூன்று முறை பிரிண்டர், ஒரு முறை நெட் வயர். நான்கு முறையும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சண்டை வந்தது பெயிண்டால். பழைய ரிக்கைப் பெயிண்ட் அடிக்க விட்டிருந்தார்கள். லாரியின் நெற்றியில் மணியன் மகன் சந்தோஷ்குமார் பெயரும் கதிர்வேல் மகள் தனப்பிரியா பெயரும் எழுதுவது வழக்கம். பெயிண்டர் மூன்று மாதிரி வரைந்து கதிர்வேலுக்கு அனுப்பினார். பெரிதாகப் பார்க்கலாம் என்று கதிர்வேல் ஒரு சாயங்காலம் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார். மறுநாள் காலை மணியன் மேக்காட்டு வழியாகப் போனார். முதல் மாதிரியைத் திறந்தார். அதில் தனப்பிரியா மேலே, சந்தோஷ்குமார் கீழே இருந்தது. மற்ற இரண்டையும் அவர் திறக்கவில்லை.

தம்பி தன் காட்டுக்குள் வந்து இதை நட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று அவர் நினைத்தார். வாய்விட்டுப் பேசவில்லை. தீபிகாவைக் கூப்பிட்டு, "இது என் இடம்" என்று பெரிய எழுத்தில் அடித்து, திரையின் நடுவில் வைக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் கதிர்வேல் கீக்காட்டு வழியாகப் போனார். அவருடைய காட்டின் நட்டநடுவில் "இது என் இடம்" என்று இருந்தது.

ஒன்பது நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ரிக் பாதிப் பெயிண்டோடு பட்டறையில் நின்றது. ஆளுக்கொரு ரிக்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. பத்தாம் நாள் காலை ஒன்பது பத்துக்கு மணியன் நர்மதாவுக்குப் போன் செய்து, மேக்காட்டுக்கு வேலி போட வேண்டும் என்றார். நர்மதா, கம்பி வேலி போடுகிறவர்களைத் தனக்குத் தெரியாது, வேண்டுமானால் விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். கம்ப்யூட்டருக்கு என்று அவர் சொன்ன பிறகுதான் பாஸ்வேர்டு கேட்கிறார் என்று விளங்கியது. ஒன்பது நாற்பதுக்குக் கதிர்வேல் கூப்பிட்டு, கீக்காட்டுக்கு வேலி வேண்டும் என்றார்.

பதினொரு மணிக்குப் போனாள். இரண்டு முதலாளிகளும் இல்லை. அணைத்துப் போடச் சொன்னாள். இரண்டு வரி வந்தது. முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று எண்ணிக்கொண்டு போனது. எண்ணி முடிப்பதற்குள் அந்த ஆடி மாத நாள் முழுவதும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள். தீபிகாவிடம் காடு, பாகம், பெயிண்ட், "இது என் இடம்" எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றையும் தொடாமல் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் அன்று வார விடுமுறையில் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். ஒரு வரியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். இரண்டு நிமிடம் என்றாள். அப்படியானால் சத்தமில்லாமல் அழித்துவிட்டு வேலி போட்டாயிற்று என்று சொல்லிவிடு என்றேன். பதினெட்டு ஆபீஸையும் ஞாபகப்படுத்தினேன். அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். அவருக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாகத்தான் பேசினோம்.

அவள் ரசத்துக்குச் சோறு போட்டுக்கொண்டாள். "அழிச்சா ஒருத்தரு காடு போயிருச்சும்பாரு. அழிக்காட்டி ரெண்டு பேரும் பிரிஞ்சிருவாங்க. எதுக்குப் பிரியறோம்னே தெரியாமப் பிரியறாங்கக்கா."

"அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"நாந்தான் தப்பு பண்ணேன்னு சொல்றேன்."

"சொன்னா அந்த வார்த்தை போயிரும் சாமி."

"அது போனா போவுது" என்றாள். ஆனால் மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு இரண்டு முதலாளிகளையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தாள். மணியன் தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கதிர்வேல் வாசல் பக்கம் இருந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தீபிகா டீ வரவழைத்தாள். மணியன் டீ குடித்தார் என்கிறாள் நர்மதா. தொடவே இல்லை என்கிறாள் தீபிகா.

மணியன்தான் முதலில் பேசினார். "ஏனம்மிணி, வேலி போட்டாச்சா?"

"இல்லீங்கையா. அதுக்கு முன்ன ஒண்ணு காட்டோணுமுங்க."

கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, மேல்வரி வழியாக உள்ளே போனாள். மணியனைக் கூப்பிட்டு, எதையாவது டைப் அடிக்கச் சொன்னாள். அவர் ஒரு விரலால் ரிக்கின் நம்பரை அடித்தார். நான்கு இலக்கத்துக்கு ஒரு நிமிடம் ஆனது. அதைத் திரையில் வைத்துவிட்டு, அணைத்துப் போட்டாள். இந்த முறை கதிர்வேலைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே கீழ்வரியைத் தொடச் சொன்னாள். உள்ளே போனதும் ரிக் நம்பர் அங்கே இருந்தது.

கதிர்வேல் நம்பரைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்க்காமல் நர்மதாவைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப அண்ணன் எம்பக்கத்துக்கு வர்றதுக்கு வழி இருக்குது."

"அவுரு உங்க பக்கத்துக்கு வரலீங்க. உங்க பக்கம்னு ஒண்ணு இல்லீங்க."

"எம்பக்கம்?" என்றார் மணியன்.

"அதும் இல்லீங்கையா. ஒரே காடுங்க. அதுக்கு ரெண்டு கேட்டு வெச்சிருக்குது. எதுல நொழைஞ்சாலும் அங்கயேதான் போய் நிப்பீங்க."

  பெயிண்ட் மாதிரியைத் தான் அண்ணன் இடத்தில் வைக்கவில்லை என்பதும், "இது என் இடம்" தன் இடத்தில் வைக்கப்படவில்லை என்பதும் கதிர்வேலுக்குத்தான் முதலில் விளங்கியிருக்கிறது. மூன்று மாதிரி இருக்கிறது, மற்ற இரண்டையும் பார்த்தீர்களா என்று அண்ணனிடம் கேட்டார். ஒன்பது நாளில் அதுதான் முதல் பேச்சு. மணியன் பார்க்கவில்லை என்று தலையை ஆட்டினார்.

பிறகு மணியன், "இந்த ரெண்டாவது கேட்ட வெச்சது ஆரு?" என்று கேட்டார்.

நர்மதா சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள். "நானுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆடில ரிப்பேருக்கு வந்தப்ப ஒருக்கா எழுத வேண்டியத ரெண்டுக்கா எழுதிப்போட்டனுங்க. கரண்டு போயிருச்சு. வந்தப்புறம் இருந்து பாத்துட்டுப் போயிருக்கோணும். பாக்காமப் போயிட்டனுங்க. எந்தப்புத்தானுங்க."

சொல்லிவிட்டு அவள் மணியனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில்தான் பதினெட்டு ஆபீஸும் இருந்தன.

 மணியன், ஒரு கேட்டை அடைத்துவிடு என்று மட்டும் சொன்னார்.

எதை என்ற கேள்வி உடனே வந்தது. இதில் ஒரு விதி இருக்கிறது. எந்த வரி வழியாக உள்ளே வந்திருக்கிறோமோ அந்த வரியை அழிக்க முடியாது. அதன்மேல் வைத்தால் டெலீட் பட்டன் சாம்பல் நிறமாகிவிடும். மற்றதைத்தான் அழிக்கலாம். அப்போது கதிர்வேல் கையால் கீழ்வரி வழியாக வந்திருந்தார்கள். அதனால் அழிக்கக்கூடியது மேல்வரி. இதை நர்மதா விளக்கியதும், அணைத்து மேக்காட்டு வழியாகப் போகலாமே என்றார் மணியன். அப்படிப் போனால் கீழ்வரிதான் அழியும் என்றாள். வந்த வழியே இருக்கட்டும் என்றார் கதிர்வேல். காடு ஒன்றுதான் என்பது இரண்டு பேருக்கும் விளங்கியிருந்தது. ஆனாலும் அவரவர் கேட்டை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. யாரும் எதையும் தொடாவிட்டால் முப்பது நொடி கழித்து அதுவாக எந்த வழியில் போகும் என்று கதிர்வேல் கேட்டார். மேல்வரி என்றாள். "இதும் அப்படித்தானா" என்று அவர் சொன்னது மணியனுக்குக் கேட்டது.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. "ஒண்ண அழிச்சதும் இந்த நீல ஸ்க்ரீனே வராதுங்க. ஒண்ணுதான் இருக்குதுன்னா அது எது வேணும்னு கேக்காது. நேரா உள்ள போயிரும். மீதி இருக்கறது மேலயா கீழயான்னு ஆருக்கும் தெரியாதுங்க."

மணியன் இதைக் கொஞ்சம் யோசித்தார். "உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியுமுங்க."

"சரி. நாங்க வெளிய போயிர்றோம். நீ பாட்டுக்கு ஒண்ண அழி. எதுன்னு எங்ககிட்டச் சொல்லாத."

"ஊட்டுலயும் சொல்லாத" என்றார் கதிர்வேல்.

இரண்டு பேரும் எழுந்து வெளியே போனார்கள். தீபிகாவையும் அழைத்துக்கொண்டார்கள். வாசலில் நின்றுகொண்டு மூன்று பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். ஈரோடு பஸ் ஒன்று போனது. பெயிண்டர் பட்டறையை எத்தனை மணிக்குச் சாத்துவார் என்று மணியன் கேட்டார். ஏழரை என்றார் கதிர்வேல். இரண்டு நிமிட வேலைக்கு நர்மதா ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டாள். நடுவில் அணைத்துப் போட்டாளா, அல்லது வந்த வழியிலேயே இருந்து அழித்தாளா என்று தீபிகாவால் சொல்ல முடியவில்லை. எதை அழித்தாய் என்று நான் இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டேன். "ஒண்ண" என்கிறாள்.

உள்ளே கூப்பிட்டு, அவர்கள் முன்னால் இரண்டு முறை அணைத்துப் போட்டுக் காட்டினாள். நீலத் திரை வரவில்லை. நேராக உள்ளே போனது. மணியன் பழக்கத்தில் விரலை நீட்டியபடி நின்றிருந்தார். "இனிக் கேக்காதுங்க" என்றாள் நர்மதா. அவர் விரலை மடக்கிக்கொண்டார். பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே காரில் பெயிண்ட் பட்டறைக்குப் போனார்கள். இப்போது அந்த ரிக்கின் நெற்றியில் இரண்டு பெயரும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பெயிண்டருடைய மூன்றாவது மாதிரி அதுதான்.

அதன் பிறகுதான் நர்மதாவுக்குக் கஷ்டம் ஆரம்பித்தது.

நான்கு நாள் கழித்து வேறொரு ரிக் ஆபீஸில் அவளை எழுந்து நின்று வரவேற்றார்கள். விசாரித்தால், மணியன் சொல்லியிருக்கிறார். பங்காளிகள் பிரியக்கூடாது என்று கந்தன் மகள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள், யாரோ செய்த தப்பைத் தான் செய்ததாகச் சொல்லி எழுந்து நின்றாள், அப்படி ஒரு மனசு என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலிருந்து மலையடிவாரம் வரை சொல்லியிருக்கிறார். நர்மதா அங்கேயே மறுத்தாள். உண்மையாகவே தான்தான் செய்தேன் என்றாள். அந்த முதலாளி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

அவள் நேராக மணியன் ஆபீஸுக்குப் போனாள். அந்தப் பேச்சு முழுவதையும் தீபிகா எனக்குச் சொன்னாள்.

"ஐயா, அது நெசமாவே எந்தப்புங்க."

"செரி அம்மிணி."

"செரின்னு சொன்னாப் பத்தாதுங்க. நீங்க நம்போணும்."

"நீ கை வெச்சா தப்பு வராதுன்னு நாந்தான் ஊருக்கே சொன்னேன். எனக்குத் தெரியாதா? போச்சாது, உடு."

"வந்துச்சுங்க. எழுதிக் குடுக்கட்டுங்களா?"

"உங்கொப்பனும் இப்படித்தான். டயரு தானா வெடிச்சாலும் நாந்தான் பாக்காம உட்டுட்டனுங்கம்பான்."

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அந்த டயர் தான் பார்க்காமல் விட்டதுதான் என்றார்.

நர்மதா விடவில்லை. போகிற ஆபீஸில் எல்லாம் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். எந்தக் கட்டளையை இரண்டு முறை கொடுத்தாள், எந்த நேரத்தில் கரண்ட் போனது, எத்தனை மணி பஸ்ஸைப் பிடித்தாள் என்று எல்லாமே சொன்னாள். கேட்டவர்களுக்கு அவள்மேல் மரியாதை இன்னும் கூடியது. கார்த்திகை முடிவதற்குள் பதினெட்டு, இருபத்தொன்று ஆனது. புதிதாக வந்த மூன்று ஆபீஸிலும் அவளைக் கூப்பிட்டதற்குக் கம்ப்யூட்டரைவிட அந்த மனசுதான் காரணம். ஒரு ஆபீஸில் பழுது பார்த்த பிறகு, மருமகளோடு இருக்கும் ஒரு மனத்தாங்கலையும் கொஞ்சம் பேசித் தீர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பிரிண்டருக்கு மை ஊற்றிவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு இதில் பெருமைதான். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவளோ ராத்திரி பாத்திரம் கழுவும்போதுகூட, "பாக்காமப் போனது நானு. அத ஒருத்தராவது நம்போணும்க்கா" என்று முனகிக்கொண்டிருந்தாள். நான் நம்புகிறேன் என்றேன். போன் செய்து பறக்கடித்தது நீதானே, நீ நம்புவது சேர்த்தி இல்லை என்றாள்.

தை மாதம் ஈரோடு ரோட்டில் ஒரு ரிக் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாக வந்த மூன்றில் அது ஒன்று. அங்கேயும் முதலாளிகள் அண்ணன் தம்பி. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. அண்ணன் பெயர் வேலுசாமி. அவர் நர்மதாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்துக்கு வந்தார். மணியன் ஆபீஸில் இருந்தமாதிரி இங்கேயும் இரண்டு வரி போட்டுக் கொடுக்க வேண்டும்.

அது இரண்டு இல்லை, ஒன்றுதான், இரண்டு தடவை தெரியும் அவ்வளவுதான் என்று நர்மதா விளக்கினாள். தெரியும் என்றார் வேலுசாமி. இரண்டு வழியாகப் போனாலும் ஒரே இடம்தான் என்றாள். அதுவும் தெரியும், தம்பிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதில்லை, இரண்டு வருடமாவது நிம்மதியாக இருக்கலாம் என்றார். அது பழுது, வேலை இல்லை என்றாள். பழுதையே செய்து கொடு என்றார். மாட்டேன் என்றாள். அவருக்குக் கோபம் வந்தது.

"ஏனுங்க, மணியண்ணன் ஆபீஸ்ல நீங்களே தெரியாமச் செஞ்சு குடுத்தீங்க. நாங்க தெரிஞ்சு கேட்டாச் செஞ்சு குடுக்க மாட்டீங்களா?"

நர்மதா பையை எடுத்துக்கொண்டே, "தெரியாமத்தான் செஞ்சேன்னு நம்பறீங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன? கரண்டு போயிருச்சு, பாக்காம ஓடிட்டீங்க. அதானே நடந்துச்சு. ஊருல என்னமோ மனசு மனசுங்கறாங்க."

"ஆமாங்க. அதான் நடந்துச்சு" என்றாள்.

அதோடு அந்த ஆபீஸ் போய்விட்டது. இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்றில் ஒன்று குறைந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டு, அந்த வேலுசாமி நல்ல மனிதர் என்றாள். அன்றைக்கு இரண்டு தடவை மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.